பெயின்ட் அடிப்பதற்கு முன் பைப்பைத் தட்டிப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பு மேற்கு மாம்பலத்தில், 1979-ல் கட்டியது. தளத்துக்கு இரண்டாக எட்டு வீடுகள். அசோசியேஷன் செயலாளர் பொறுப்பை யாரும் எடுக்காததால் அது என் தலையில் விழுந்தது. வந்த சூட்டோடு கட்டிடம் முழுக்க பெயின்ட் அடிக்க வைத்தேன். பின்சுவரில் இறங்கும் வார்ப்பிரும்புக் கழிவுநீர்ப் பைப்புகளுக்கும் இரண்டு கோட் கறுப்பு. ஏழே மாதத்தில் அந்தக் கறுப்பின் மேல் வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி கோடுகள். தரைத்தளத்தில் எங்கள் பாத்ரூம் சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம் வேறு.

வந்த ப்ளம்பர் பைப்பின் அடி பெண்டில், அதாவது கீழே திரும்பும் வளைவில், ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பழுத்த கொய்யாவில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பெயர்ந்து வந்த சில்லை எடுத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். அப்படியே பென்சில் கோடு. "இது பைப் இல்லம்மா, பென்சில்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு இல்லை. வார்ப்பிரும்பில் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக இருக்கிறது. பென்சிலில் இருப்பதும் கிராஃபைட்தான். கழிவுநீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு பைப்பின் உள்சுவர் ஈரத்தில் படியும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். இரும்பு கரைந்து போகும், கிராஃபைட் மட்டும் பழைய உருவத்திலேயே நிற்கும். வெளியே பார்த்தால் முழுப் பைப், தொட்டால் மாவு. போதாததற்கு, தெருவில் 'ஆசிட், பினாயில்' என்று கூவி வருபவரிடம் வாங்கி வாராவாரம் நாம் ஊற்றும் பாத்ரூம் ஆசிட். நான்கு வீட்டு ஆசிட்டும் ஒரே பைப்பில்தான் இறங்கியிருக்கிறது, நாற்பது வருஷத்துக்கு மேல்.

உங்கள் வீடும் அந்தக் காலத்துக் கட்டிடம் என்றால், மழை இல்லாத ஒரு காலையில் டார்ச், சின்னச் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், சாக்பீஸ் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போங்கள். கீழிருந்து ஆரம்பியுங்கள். மேலிருந்து விழும் தண்ணீர் திரும்பும் இடம் என்பதால் அடி பெண்டுதான் அதிகம் அடி வாங்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே மேலே போங்கள். நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி கொஞ்சம் இழுத்து ஒலிக்கும். செத்த இடம் மண்பானை போல 'டொக்' என்று அடங்கிவிடும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேலையை ப்ளம்பர் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வேண்டுமே.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பைப்பின் பின்பக்கம், சுவரை ஒட்டிய பகுதி. பெயின்டர் பிரஷ் அங்கே போனதே கிடையாது. மொபைலை இடுக்கில் விட்டு வீடியோ எடுங்கள். எங்கள் பைப்பில் நீளவாக்கில் இரண்டு அடிக்கு ஒரு முடி விரிசல் அப்படித்தான் தெரிந்தது. ஜாயின்ட்டுகளில் அரசங்கன்று முளைத்திருந்தால் அங்கே ஈரம் கசிகிறது என்று அர்த்தம். வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளேயே நிற்கும், வெடிப்பும் பெரிதாகும்.

சீலிங்கில் ஒழுகினால், அது குடிநீர்க் குழாயா கழிவுப் பைப்பா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் வீட்டுக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. எந்நேரமும் ஒரே சீராகச் சொட்டினால் பெரும்பாலும் நல்ல தண்ணீர் லைன். யாராவது குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கழிவு. சந்தேகம் தீரவில்லையா? ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து, மேல் வீட்டு நஹானி ட்ராப்பில், அதாவது பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலி ஓட்டையில், ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் சீலிங்கில் இருபது நிமிஷத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. அதுவரை "எங்க வீட்ல எதுவும் ஒழுகல" என்று சாதித்த மாடி மாமா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

தற்காலிக ஒட்டு எப்படி என்றால், பைப்பை உபயோகிக்காமல் காய விட்டு, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, எபாக்சி மாவு பிசைந்து அப்பி, மேலே சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றி க்ளாம்ப் போட வேண்டும். ஆள் கிடைக்கும்வரை தாங்கும், அவ்வளவுதான். சிமென்ட் பூசாதீர்கள். அது ஓட்டையை மறைக்குமே தவிர மூடாது.

அடுத்து, எல்லா வீட்டிலும் எழும் கேள்வி: கெட்ட துண்டை மட்டும் மாற்றினால் போதாதா? நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம், பணம் தண்டம். பழைய ஜாயின்ட்டுகள் சணல் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றியவை. ஒன்றை உடைக்கத் தட்டும் அதிர்ச்சியில் அடுத்த இரண்டு விட்டுப்போகும். உளுத்த முனையில் புதுப் பைப்பும் பிடிக்காது. ஒரு லைனை எடுத்தால் மொட்டை மாடி முதல் தரை வரை முழுதாக மாற்றுங்கள். பணம் இல்லையென்றால் இந்த வருஷம் ஒரு லைன், அடுத்த வருஷம் இன்னொன்று.

புதிதாகப் போட எஸ்.டபிள்யூ.ஆர். பிவிசி பைப், அதாவது கழிவுநீருக்கும் மழைநீருக்கும் என்றே செய்தது. வாங்கும்போது ஐ.எஸ். 13592 முத்திரையும் 'டைப் பி' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பைப்பிலேயே படித்துப் பாருங்கள். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் உரியது, சுவர் மெலிது. விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான்கு அங்குல இரும்புக்குப் பதில் 110 மி.மீ. வரும்.

பழையதைக் கழற்றுவது மேலிருந்து கீழாக. ஒரு நீளம் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும், ஆகவே வெட்டுவதற்கு முன் கயிறு கட்டியாக வேண்டும், கீழே ஆள் நடமாட்டம் கூடாது. புதுப் பைப்பில் ரப்பர் ரிங் ஜாயின்ட் என்றால், முழுக்கச் செருகி, பென்சிலால் குறி போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்துவிட வேண்டும். வெயிலில் பிவிசி நீளும், அதற்கு இடம் வேண்டும். இதைச் செய்கிறார்களா என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்த்தேன். முதல் மூன்று ஜாயின்ட்டில் செய்யவில்லை, கழற்றச் சொன்னேன். அடியில் ஒரே 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 போட்டால் அடைப்பு குறையும். தளத்துக்கு ஒன்றாவது டோர் டீ (அடைப்பெடுக்கத் திறக்கிற மூடி வைத்த துண்டு) இருக்கட்டும். படுக்கைவாட்டுப் பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு. பைப்பின் உச்சி மொட்டை மாடிக்கு மேலே கௌலோடு (காற்றுப் போகும் துளைகள் உள்ள தொப்பி) நிற்க வேண்டும். தடுக்குகிறது என்று சிலர் அதை வெட்டி மூடிவிடுகிறார்கள். அப்புறம் நாற்றத்தைத் தடுக்க ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை வேகமாக இறங்கும் கழிவு உறிஞ்சிக்கொண்டு போய், வீடு முழுக்க நாறும்.

வேலை நடந்த இரண்டு நாளும் அந்த லைனின் நான்கு வீட்டுக்கும் எதிர் லைனில் ஆளுக்கொரு வீடு என்று சீட்டு எழுதி ஒட்டினேன். கல்யாண மண்டபத்தில் ரூம் பிரிப்பதைவிடக் கஷ்டம்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சேம்பர் (பைப்புகள் வந்து சேரும் தரைத் தொட்டி) அடைத்திருந்தால் "ஆளை இறக்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ன் சட்டப்படி, சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் சுத்தம் செய்யப் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரை இறக்குவது குற்றம். அந்த வாயு ஆளைக் கொல்லும். மெஷின் வரட்டும், ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லை.

பழைய பைப்புகளை இரும்புக்கடைக்காரர் தராசில் போட்டார். ஜாயின்ட் ஈயத்தைத் தனியாகப் பிரித்துத் தனி விலை கேளுங்கள். அதைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள். கடைசியாக அந்த அடி பெண்டைத் தூக்கிப் பார்த்தவர், கையில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொண்டே, "இது வேணாம்மா, வண்டியில போறதுக்குள்ள உதிர்ந்துடும்" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார்.