பழைய அம்பாசடர் கதவை கழட்டறதுக்கு முன்னாடி

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய அம்பாசடர், பத்மினி கார் ரெஸ்டோர் பண்றவங்க கவனிங்க, கதவை கழட்டறதுக்கு முன்னாடியே திரும்ப அதே இடத்துல மாட்டறதுக்காக கீலைச் சுத்தி ஊசியால கோடு கீறிடுங்க, மார்க்கர் கோடு பெயிண்ட் உரிக்கறப்போ போயிடும். இங்க இருக்க ஈரத்துக்கு போல்ட் துரு புடிச்சுதான் இருக்கும், முந்தின ராத்திரியே ஆயில் விட்டு ஊற வைங்க. கதவுக்கு அடியில தாங்க துணி சுத்தின ஜாக்கி, கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

திரும்ப மாட்டறதுதான் பொறுமையான வேலை. வண்டி ஜாக்கியில இல்லாம நாலு சக்கரத்துலயும் சமதரையில நிக்கணும், நம்மூர் சரிவுல அட்ஜஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க. ஸ்ட்ரைக்கரை (கதவு பூட்டு வந்து மாட்டற பாகம்) கழட்டி வெச்சுட்டு முதல்ல பின்கதவு, அதுக்கு ஏத்தபடி முன்கதவு, கடைசியா ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேல இருக்க தகடு), ஏன்னா பின்பக்க பாடி நகராது. திறந்த கதவைத் தூக்கிப் பாத்து ஆடுச்சுன்னா கீலுக்குள்ள இருக்க பின்னை (கம்பி) மாத்துங்க, அப்புறம் ஸ்ட்ரைக்கரை மாட்டுங்க. இதெல்லாம் பெயிண்டுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.