அழித்தாலும் திரும்பி வரும் தீநிரல்: வேரைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஆன்டிவைரஸ் எதையோ கண்டுபிடித்து நீக்கிவிட்டதாகச் சொல்கிறது. மறுநாள் கணினியைத் திறந்தால் அதே தொல்லை. உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதற்குள் பதற்றத்தில் இணையத்தில் கிடைத்த 'கிளீனர்' எல்லாவற்றையும் நிறுவியிருப்பார்கள். அவற்றில் ஒன்றிரண்டு தாமே தீநிரலாக, அதாவது கெடுதல் செய்யும் நிரலாக (மால்வேர்), இருக்கும்.

திரும்பி வருகிறது என்றால், கோப்பு மட்டும்தான் அழிந்திருக்கிறது. அதை மறுபடி அழைத்து வருகிற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பிடிக்காமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பயனில்லை. நான் சொல்லப்போவது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு.

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். அடுத்து, நோய் பிடித்த அந்தக் கணினியைத் தொடாமல், கைபேசியிலிருந்தோ வேறு நல்ல கணினியிலிருந்தோ மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் வழி மின்னஞ்சலில்தான் இருக்கிறது என்பதால் அதுதான் முதலில். பிறகு வங்கி. கூடவே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியையும் அழுத்துங்கள். உலாவியில் சேமித்திருக்கும் கடவுச்சொற்களோடு, நீங்கள் ஒரு தளத்தில் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும் தீநிரல்கள் இப்போது பெருகிவிட்டன. திருடிய குக்கீ கையில் இருந்தால் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் ஒருவர் நுழைந்துவிட முடியும். இதை நான் முதலில் சொல்லும்போது பலர் பொறுமை இழக்கிறார்கள். அவர்களுக்குத் திரையில் துள்ளும் விளம்பரம் நிற்க வேண்டும். ஆனால் விளம்பரம் காட்டும் தீநிரல் உங்கள் கண்ணில் படுகிறது. சத்தமில்லாமல் திருடுவதுதான் குடும்பத்தையே புரட்டிப்போடுகிறது.

கோப்புகள் எல்லாம் புதிய பின்னொட்டோடு பூட்டிக்கிடந்து, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தால் அது ரேன்சம்வேர். பணம் கட்டாதீர்கள். பூட்டப்பட்ட கோப்புகளையும் அழித்துவிடாதீர்கள். யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, காஸ்பர்ஸ்கி, மெக்காஃபி ஆகியவை சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகத் திறவுகோல் கிடைக்கிறது. இன்று இல்லாத திறவுகோல் பிறகு வெளியாவதும் உண்டு.

அடுத்து உலாவியைப் பாருங்கள். 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது' என்று திரையின் வலது மூலையில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி வைரஸே அல்ல. எப்போதோ ஒரு தளத்தில் 'அலவ்' பொத்தானை அழுத்தியதால் அந்தத் தளம் அனுப்பும் அறிவிப்புகள் அவை. உலாவியின் அமைப்புகளில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாதவற்றை நீக்கினால் முடிந்தது. உலாவியோடு சேரும் துணைநிரல்களான எக்ஸ்டென்ஷன்களில் நீங்கள் சேர்க்காதவற்றையும் நீக்குங்கள். நீக்கிய எக்ஸ்டென்ஷன் திரும்பி வந்தால் ஒத்திசைவை (சிங்க்) சந்தேகியுங்கள். அதே கணக்கில் இயங்கும் இன்னொரு கணினியிலிருந்து அது வந்து சேரலாம். வீட்டுக் கணினியின் குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி தெரிந்தால் கவனம் தேவை. சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியை வரவைக்கும். உங்களிடம் அப்படி எதுவும் இல்லையென்றால், யாரோ உங்கள் உலாவிக்குக் கொள்கை (பாலிசி), அதாவது அதைக் கட்டுப்படுத்தும் விதி, எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி வேரைத் தேடலாம். இதற்கு நான் நம்பும் கருவி மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ். நல்ல கணினி ஒன்றில் தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். தேடல் முடிவுகளின் தலையில் வரும் விளம்பர இணைப்புகளைத் தொட வேண்டாம், போலிகள் பதுங்குவது அங்கேதான். கணினி விழிக்கும்போது தானாக ஓடும் அத்தனையையும் ஆட்டோரன்ஸ் காட்டும். பட்டியலின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாதிக்கு மேல் மறைந்துவிடும். நிரலை வெளியிட்டது யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் தேர்வையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மடிக்கணினியில் தேடல் பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஸ்கேனும், நிரல்கள் தம் தகவல்களை வைக்கும் 'ஆப்டேட்டா' கோப்புறையில் ஒரு கோப்பைப் பிடித்து நீக்கும். அவர் மறுபடி லாகின் செய்ததும் கோப்பு அதே இடத்தில் முளைத்துவிடும். ஆட்டோரன்ஸில், தானாக ஓடும்படி குறித்து வைத்த வேலைகளைக் காட்டும் 'ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்' தாவலைத் திறந்தபோது, உலாவியைப் புதுப்பிக்கும் நிரல் போன்ற பெயரோடு ஒரு வரி இருந்தது. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது, இடம்தான் பொருந்தவில்லை. உண்மையான அப்டேட்டர் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில், நிறுவனத்தின் கையெழுத்தோடு இருந்தது. இதுவோ ஆப்டேட்டாவுக்குள் கிடந்த ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய கோப்பு), விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் மூலம் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியின் டிக்கை எடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகு ஸ்கிரிப்டை அழித்ததும் தொல்லை நின்றது.

இந்த வரிசை முக்கியம். முதலில் டிக்கை எடுங்கள், அழிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தவறான வரியைத் தொட்டிருந்தால் டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாம், அழித்ததை மீட்பது கடினம். சந்தேகத்துக்குரிய கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் அதை ஒரே நேரத்தில் சோதிக்கும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பாதிப்பேர் சொன்னால் அழிக்கத் தயங்க வேண்டாம். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய கோப்புகளை அந்தச் சேவையின் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலையும் மறக்காமல் பாருங்கள். இங்கே இருப்பதைச் சோதிக்காதே என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. தீநிரல் உள்ளே வந்ததும் தன் கோப்புறையை அதில் எழுதிவிட்டு நிம்மதியாக வாழும். வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் காலியாக இருப்பதுதான் இயல்பு.

இதன் பிறகே ஸ்கேன். அதையும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு உள்ளேயிருந்து செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கணினியை ஆளும் இடத்தில் தீநிரல் உட்கார்ந்துவிட்டால், ஸ்கேன் எதைப் பார்க்கலாம் என்பதையே அது தீர்மானிக்கும். 2005இல் சோனி பிஎம்ஜி இசைத் தட்டுகளில் ஒரு மறைநிரல் இருந்தது. ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் அது விண்டோஸின் பார்வையிலிருந்தே மறைத்தது. அதை அம்பலப்படுத்தியவர் மார்க் ருஸ்ஸினோவிச். ஆட்டோரன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. ஆகவே இணையத்தைச் சிறிது நேரம் இணைத்து டிஃபெண்டரைப் புதுப்பித்துவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் விழிக்கும் முன்பே சோதனை நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். அதன்பின் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பால் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கருவியையும் ஓடவிடாமல் தடுக்கிறது என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக, தேவையான நிரல்கள் மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குப் போங்கள். வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி அப்போது மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் தொல்லை வந்தாலோ, டிஃபெண்டரை இயக்கவே முடியாவிட்டாலோ, கடவுச்சொல் திருடும் வகை என்று தெரிந்தாலோ போராட்டத்தை நிறுத்திவிடுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. பலர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள்கணக்கில் தேடிய பிறகும் மனதில் சந்தேகம் மிஞ்சியிருக்கும் கணினியில் யாரால் வங்கிக் கணக்கைத் திறக்க முடியும்? படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி வட்டில் நகலெடுங்கள், நிரல்களையும் இன்ஸ்டாலர்களையும் எடுக்காதீர்கள். நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, நிறுவும்போது விண்டோஸ் இருந்த வட்டின் பகுதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தொடருங்கள். நகலைத் திரும்ப வைக்கும் முன் வெளி வட்டை ஸ்கேன் செய்யுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் இணைந்தே இருக்கும் வட்டை ரேன்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும்.

பாதுகாப்பு மென்பொருளைப் பதற்றத்தில் இருக்கும்போது வாங்காதீர்கள். பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். அதில் டிஃபெண்டரை மற்ற நிரல்கள் அணைத்துவிடாமல் காக்கும் 'டாம்பர் புரொடெக்‌ஷன்', தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் தேர்வு, ரேன்சம்வேரிலிருந்து கோப்புறைகளைக் காக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது தொடக்கத்தில் நல்ல நிரல்களையும் தடுத்து எரிச்சலூட்டும். ஒவ்வொன்றாக அனுமதித்தால் அடங்கிவிடும்.

குழந்தைகளின் கைபேசி உட்படப் பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டுமென்றால் பணம் கொடுத்து வாங்குவதில் பொருள் உண்டு. விளம்பரத்தை நம்பாமல், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக் கூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகியவற்றுக்குத் தலா 6 புள்ளிகள் தருகிறது. ஒரு முறை 18 வாங்கியதைவிடத் தொடர்ந்து நன்றாக வாங்குவதே எனக்குப் பெரிது. பணம் கொடுப்பது போலவே தகவலைக் கொடுப்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்த மென்பொருள் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கிறது. பயனர்களின் உலாவல் தகவல்களைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. தானாகப் புதுப்பிக்கும் சந்தா இருந்தால் வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுங்கள். எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே கணினியில் வைக்காதீர்கள். ஒன்றையொன்று தடுத்துக் கணினியை முடக்கிவிடும்.

எந்த மென்பொருளை வைத்திருந்தாலும், வீட்டில் கணினியைத் தொடும் எல்லோரிடமும் ஒன்றை நேரில் காட்டிச் சொல்லுங்கள். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும் பக்கம் எதுவானாலும் அது மோசடி. அங்கே ஒட்டப்படுவது தீநிரலை இறக்கும் கட்டளை. பக்கத்தை மூடிவிட வேண்டும். ஏற்கெனவே ஒட்டி என்டர் தட்டியிருந்தால், மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும், நீங்கள் வைஃபையை அணைத்துக் கைபேசியில் கடவுச்சொல் மாற்றத் தொடங்க வேண்டும்.