ஒரே ரத்தத்துக்கு இரண்டு எச்எல்ஏ முடிவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்எல்ஏ என்பது அணுக்களின் மேற்பரப்பில் உள்ள, உறுப்பு அல்லது ஸ்டெம் செல் மாற்றுக்கு முன் கொடையாளிக்கும் நோயாளிக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கப்படும் புரத வகை. 1964-இல் அமெரிக்காவின் டர்ஹாமில் நடந்த முதல் சர்வதேச திசுப் பொருத்தப் பயிலரங்கில், ஒரே ஆட்களின் ரத்த அணுக்களைப் பல ஆய்வகத்தார் தத்தம் முறையில் சோதித்தார்கள். முடிவுகள் ஒத்துப்போகவில்லை. சீக்வென்சிங் வந்த பிறகு டிஎன்ஏ எழுத்துகளை வாசிப்பதில் அவ்வளவு தகராறு இல்லை. இன்று தகராறு பெரும்பாலும் வாசிப்பதற்கு முன்பும் பின்பும்தான் வருகிறது.

பெயர் வேறு என்றதும் பொருத்தமில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எச்எல்ஏ-ஏ மரபணுவின் ஒரு வடிவத்தை ஓர் ஆய்வகம் ஏ*02:01 என்றும், இன்னொன்று ஏ*02:01:01:01 என்றும், மூன்றாவது ஏ*02:01:01ஜி என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே அல்லீலைக் (மரபணு வடிவத்தைக்) குறிக்கக்கூடும். முதல் இரண்டு இலக்கத் தொகுதிகள் புரதம் வரை சொல்கின்றன. மூன்றாவது புரதத்தை மாற்றாத வேறுபாட்டையும், நான்காவது இன்ட்ரான் முதலிய, புரதமாகாத பகுதிகளின் வேறுபாட்டையும் சொல்கின்றன. ஜி என்பது பல அல்லீல்களைச் சேர்த்த ஒரு குழுவின் குறி. ஐபிடி-ஐஎம்ஜிடி/எச்எல்ஏ தரவுத்தளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. எந்தப் பதிப்பைப் பார்த்தோம், எந்த எக்ஸான்களை (புரதத்துக்கான டிஎன்ஏ துண்டுகளை) வாசித்தோம் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் ஒப்பிடவே வழியில்லை.

உயிருக்கு ஆபத்தான தவறு வேறு இடத்தில் இருக்கிறது. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையில், ப்ரைமர் என்னும் தொடக்கத் துண்டு ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால், தாய்வழி, தந்தைவழி அல்லீல்களில் ஒன்று பெருகாமலே போய்விடும். கருவி மற்றதை மட்டும் அழகாக வாசித்து, இரண்டும் ஒன்றே என்று காட்டும். வாசிப்பின் தரம் உயர்வாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இரு அல்லீல்களின் வாசிப்புகள் சரிபாதியாக வர வேண்டும். ஒன்று 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலே நின்று பாருங்கள். ஒரே அல்லீல் மட்டும் வந்தால், வேறு ப்ரைமர் கொண்ட கிட்டிலோ எஸ்எஸ்ஓ (குறிப்பிட்ட குறுந்துண்டுகள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும்) முறையிலோ மறுபடி சோதியுங்கள். முடிந்தால் பெற்றோர், உடன்பிறந்தாரின் முடிவோடும் சேர்த்துப் பாருங்கள்.

எக்ஸான் 2, 3 போதும் என்று நிறுத்துவதும் பெரிய பிழை. சி*04:01-ம் சி*04:09என்-ம் அந்த இரண்டு எக்ஸான்களிலும் ஒன்றுதான். வேறுபாடு எக்ஸான் 7-இல் ஒரே எழுத்து விடுபட்டிருப்பது. பின்னதன் புரதம் அணுவின் மேற்பரப்பில் தோன்றுவதே இல்லை; பெயரின் கடைசியில் வரும் ‘என்’ (N) அதைத்தான் சொல்கிறது. ஏ*24:09என்-ஐ ஏ*24:02-இலிருந்து பிரிக்கும் மாற்றம் எக்ஸான் 4-இல் இருக்கிறது. ஓர் ஆய்வகம் முழு மரபணுவையும் மற்றது இரண்டு எக்ஸான்களை மட்டும் வாசித்தால், ஒன்று பொருத்தம் என்னும், மற்றது இல்லை என்னும். சி*04:09என் பி*44:03-உடன் சேர்ந்து வருவதுண்டு; ஆகவே சி*04-உடன் பி*44:03-ம் வந்தால் எக்ஸான் 7-ஐப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்திட வேண்டாம்.

டிபிபி1 என்னும் எச்எல்ஏ மரபணுவில் வேறொரு சிக்கல். எக்ஸான் 2-க்கும் 3-க்கும் நடுவே சுமார் 4,000 எழுத்து இன்ட்ரான் உண்டு. 150 முதல் 300 எழுத்து மட்டுமே படிக்கும் கருவியால், எந்த எக்ஸான் 2 எந்த எக்ஸான் 3-உடன் சேர்ந்தது என்று பல சமயம் சொல்ல முடியாது. அப்போது மென்பொருள் தரும் முதல் விடையை மட்டும் எழுதாமல், சாத்தியமான எல்லா இணைகளையும் எழுதுங்கள்.

மாதிரியிலும் கோட்டை விடுவதுண்டு. ஹெப்பாரின் குழாய் பிசிஆரைத் தடுக்கும். இடிடிஏ குழாயே சரி. ரத்தப் புற்றுநோயாளியின் புற்றணுக்கள் 6-ஆம் குரோமோசோமின் எச்எல்ஏ பகுதியை இழந்திருக்கலாம். கன்னத்தின் உட்புறத்திலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுங்கள். ஸ்டெம் செல் மாற்று முடிந்தவரின் ரத்தத்தில் தெரிவது கொடையாளியின் வகை. ஆகவே மாற்றுக்கு முன்பே எடுத்த டிஎன்ஏவைப் பத்திரப்படுத்துங்கள். டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாயையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டினால் மாசு கலந்தது தெரிந்துவிடும்.

இரு ஆய்வகங்கள் மாதிரி பரிமாறிக்கொள்ளும்போது, எளிதில் கிடைக்கும் அல்லீல்களை மட்டும் அனுப்பினால் எல்லாம் பொருந்தியே வரும். அரியவற்றையும் ‘என்’ (N) என முடிபவற்றையும் சேர்த்து, பெயர் மறைத்து அனுப்புங்கள். முரண் வந்தால் முதலில் மூல வாசிப்புக் கோப்புகளை மாற்றிக்கொண்டு, அவரவர் மென்பொருளில் ஓட்டுங்கள். ஒரே மென்பொருளில் இரு கோப்புகளுக்கும் விடை ஒன்றானால் கோளாறு மென்பொருளிலோ தரவுத்தளப் பதிப்பிலோ இருக்கிறது. அப்போதும் வேறானால் பிசிஆர் மேசைக்குத் திரும்புங்கள்.