கானல் நீரை வைத்து மெல்லிய படலத்தை அளப்பது எப்படி?

சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து மேலூர் போகும் நான்குவழிச் சாலையில் நண்பகலில் பாருங்கள். தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் தெரியும். தார் சூடேறினால் அதை ஒட்டிய காற்றின் ஒளிவிலகல் எண் குறைகிறது, ஒளி வளைகிறது. இதே வளைவைக் கொண்டு, கண்ணாடி மேல் படிந்த ஒரு மெல்லிய படலம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கலாம். பொக்காரா, ஃபூர்னியே, படோஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1980-ல் வெளியிட்ட முறை இது.

வழக்கமான நிறமாலைமானியில் (ஒவ்வொரு நிற ஒளியும் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் கருவி), ஊடுருவியதும் எதிரொளித்ததும் போக மீதியை உறிஞ்சியதாகக் கொள்கிறோம். ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் உறிஞ்சும் படலத்தில் இந்தக் கழித்தல் ஏமாற்றிவிடும். சிதறிய ஒளியும் கணக்கில் ஏறிவிடும். சூடோ, உறிஞ்சினால்தான் வரும். அந்தச் சூடு மேலே உள்ள காற்றுக்கு ஏறி, அதன் வழியே போகும் இன்னொரு கதிரை வளைக்கும். அந்த வளைவைத்தான் அளக்கிறோம்.

முதல் வேலை, கண்ணாடித் தகடு ஒன்றை அகல் விளக்குச் சுடரின் மேல் காட்டிக் கரி பிடிப்பது, கண்மைக்குப் பிடிப்பதுபோலவே. கரி ஏறக்குறைய எல்லா ஒளியையும் உறிஞ்சும். அதுதான் உங்கள் அளவுகோல்.

அடுத்து, 532 நானோமீட்டர் பச்சை லேசரைச் சாப்பர் (ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சுழல்தட்டு) வழியாக நொடிக்கு 10 முறை வெட்டித் தகட்டின் மேல் செங்குத்தாகக் குவியுங்கள். உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். கரி தீய்ந்துவிடாதபடி திறனைக் குறைத்து வையுங்கள்.

இனி பொறுமை வேண்டும். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் சிவப்புக் கதிர், பச்சைப் புள்ளிக்கு மேலாகத் தகட்டை உரசினாற்போல் போக வேண்டும். 10 ஹெர்ட்ஸில் காற்றுக்குள் வெப்ப அலை ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான் எட்டும். அதற்கு மேலே கதிர் போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தகட்டை மெல்ல உயர்த்துங்கள். எதிரே உணரியில் விழும் சிவப்புப் பொட்டின் ஓரம் மங்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஒரு மயிரிழை இறக்குங்கள். பலர் இங்கே அவசரப்பட்டுவிட்டுப் பிறகு கருவியைக் குறை சொல்கிறார்கள்.

நான்கு பகுதி உணரியின் நடுவில் பொட்டை நிறுத்தி, மேல்-கீழ் வேறுபாட்டை, சாப்பரின் தாளத்தில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கிக்குக் கொடுங்கள். உணரிக்கு முன்னால் சிவப்பு வடிகட்டி கட்டாயம். மின்விசிறியை நிறுத்துங்கள், மே மாதத்தில் அது கஷ்டம்தான், ஆனால் அறைக்காற்று அசைந்தால் கதிரும் அசையும். நான் இரவு பத்து மணிக்கு மேல்தான் அளக்கிறேன்.

இப்போது பச்சைக் கதிரைச் சாப்பருக்குப் பின்னால் அட்டையால் மறையுங்கள். சைகை மறைய வேண்டும். மறையாவிட்டால் நீங்கள் அளந்தது சாப்பரின் அதிர்வை. திறனை இரட்டித்தால் சைகையும் இரட்டிக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு கரித்தகட்டை எடுத்துவிட்டு, அதே வகைக் கண்ணாடியில் படிந்த உங்கள் படலத்தை அதே உயரத்தில் வையுங்கள். இரண்டு சைகைகளையும் அந்தந்த அளவீட்டின் லேசர் திறனால் வகுத்து, படலத்தின் அளவைக் கரியின் அளவால் வகுத்தால் உறிஞ்சிய பங்கு கிடைக்கும். அது 0.001, தடிமன் 200 நானோமீட்டர் என்றால், உட்கவர் குணகம் (உறிஞ்சிய பங்கைத் தடிமனால் வகுத்தது) சென்டிமீட்டருக்குச் சுமார் 50. வெறும் கண்ணாடியும் கொஞ்சம் உறிஞ்சும். அதையும் அதே இடத்தில் வைத்து அளந்து, சைகையின் கட்டத்தையும் (சாப்பரின் தாளத்துக்கு அது எவ்வளவு பின்தங்குகிறது என்பதையும்) கணக்கில் எடுத்துக் கழித்த பிறகே எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.