குவார்ட்சில் அகப்பட்ட பாய்மத் துளிகளைப் படிக்கும் முறை

எரிமலை வளைவுகளுக்கு (வில் வடிவில் வரிசையாக அமைந்த எரிமலைகளுக்கு) அடியில் பாறைக்குழம்பு குளிர்ந்து படிகமாகும்போது அதிலிருந்து பிரியும் உப்பு மிகுந்த நீர், செம்பைக் குளோரைடுச் சேர்மங்களாக ஏற்றிக்கொண்டு மேலேறுகிறது. அந்நீரின், அதாவது இப்பாய்மத்தின், நுண்துளிகள் குவார்ட்சு நரம்புகளில் (பாறை வெடிப்புகளை நிரப்பிய குவார்ட்சுக் கனிமப் பட்டைகளில்) அகப்பட்டுக் கிடப்பதால், உலோகம் வந்த வழியை அவற்றிலிருந்து பெருமளவு அறியலாம்.

நரம்பின் துண்டைச் சுமார் 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சீவலாக்கி, இருபுறமும் மெருகேற்றி, நுண்ணோக்கியில் வையுங்கள். பிளந்து மீண்டும் ஒட்டி மூடிய விரிசல்களின் வழியே வரிசையாகக் கிடக்கும் துளிகள் பிற்காலத்தவை. படிகம் வளர்ந்த அடுக்குகளை ஒட்டிக் கிடப்பவற்றையே தேர்ந்தெடுங்கள். அவசரப்படுவோர் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு துளிக்குள் கனசதுர உப்புப் படிகம் தெரிந்தால், அதன் உப்புச் செறிவு எடையில் ஏறத்தாழ 26 விழுக்காட்டைத் தாண்டியது எனக் கொள்ளலாம். அதே அடுக்கில் ஆவி மிகுந்த துளிகளும் உடனிருந்தால், பாய்மம் உப்புநீராகவும் ஆவியாகவும் பிரிந்திருக்க வேண்டும்.

பிறகு துளி வெடித்துவிடாதபடி மெதுவாகச் சூடாக்கி, துளிக்குள் உள்ள ஆவிக் குமிழியும் உப்புப் படிகமும் மறையும் வெப்பநிலைகளைக் குறியுங்கள். பொதுவாக இது துளி அகப்பட்ட வெப்பநிலையின் கீழ் எல்லையையே தரும். லேசரால் உலோக அளவைக் கண்டறியும்போது, ஆவித் துளிகளில் காணும் செம்பை அப்படியே நம்ப வேண்டாம். அகப்பட்ட பின்னரும் செம்பு குவார்ட்சை ஊடுருவித் துளிக்குள் சேரக்கூடும்.