சைக்கிளோடு ரயில் ஏறுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சைக்கிளை ரயிலில் கொண்டுபோகும்போது வரும் சிக்கல்களில் பாதி, பார்சல் ஆபீஸ் கவுண்டரில் நாம் சொல்லும் ஒரே சொல்லில் தொடங்கிவிடுகிறது. "சைக்கிளைப் பார்சல் போடணும்" என்றால் பார்சலாகத்தான் பதிவார்கள். பார்சல், இடம் கிடைக்கிற ரயிலில் போகும். அது நாளைக்கும் இருக்கலாம், இரண்டு நாள் கழித்தும் இருக்கலாம். நீங்கள் போகும் அதே ரயிலில் சைக்கிளும் வர வேண்டுமென்றால், உங்கள் பயணச்சீட்டைக் காட்டி "லக்கேஜாகப் போடுங்க, இதே வண்டியில் வரணும்" என்று கேளுங்கள். இந்த வித்தியாசம் தெரியாத காலத்தில் நான்கு நாள் சைக்கிள் பயணத்துக்காகத் தெற்கே போனேன். சைக்கிள் மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவரை தினமும் லாட்ஜுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ரயிலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சீக்கிரம் போகிறதே என்று வந்தே பாரத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு, அப்புறம் சைக்கிளைப் பற்றி யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் லக்கேஜ் வேனே கிடையாது. மற்ற எக்ஸ்பிரஸ் ரயில்களில் வேன் இருந்தாலும், அதில் ஒரு பகுதியைப் பல வண்டிகளில் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். மிச்சமுள்ள இடம் பண்டிகை நாட்களில் சீக்கிரமே நிரம்பிவிடும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு லக்கேஜைக் கொண்டுவந்தால் போதும் என்பது விதி. அதை நம்பி அரை மணி முன்னால் போய் நிற்காதீர்கள். எடை போட, ரசீது வாங்க, நடைமேடைக்குக் கொண்டுபோக எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

எந்த ஸ்டேஷனுக்குப் பதிவது என்பதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். கொடைக்கானல் மலை ஏற நினைப்பவருக்குக் கொடைரோட்டில் இறங்குவதுதான் வசதியாகத் தோன்றும். ஆனால் எக்ஸ்பிரஸ் ரயில்கள் அங்கே நிற்பது ஓரிரு நிமிடம். அதற்குள் வேனைத் திறந்து, மேலே கிடக்கும் மூட்டைகளை நகர்த்தி, சைக்கிளை இறக்குவது நடக்காத காரியம். சென்னையிலிருந்து வரும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையோடு முடிகிறது, அதனால் மதுரைக்கே பதியுங்கள். அங்கிருந்து கொடைரோடு சுமார் 40 கி.மீ. மிதித்தே வந்துவிடலாம். நடுவில் ரயில் மாறும் பயணத்தையும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் மாறிவிடுவீர்கள், சைக்கிள் மாறியதா என்று யாருக்கும் தெரியாது.

பொதிவதற்குச் சோம்பல்படக் கூடாது. வேனில் சைக்கிளை நிற்க வைத்துக் கொண்டுபோவார்கள் என்று நினைக்காதீர்கள், படுக்க வைத்து அதன் மேல் மூட்டை அடுக்குவார்கள். முதலில் அடி வாங்குவது பின்சக்கரத்தின் வலப்பக்கம் தொங்கும், கியர் மாற்றும் டீரெய்லர்தான். அதற்கு அட்டை சுற்றுங்கள், முடிந்தால் கழற்றி ஃபிரேமுக்கு உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்தால் சைக்கிள் பாதியாக ஒடுங்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் யாரோ பிரேக் பிடியை அழுத்த, பேடுகள் ஒட்டிக்கொள்ளும், இறங்கிய ஊரில் சக்கரம் உள்ளே போகாது. விளக்கு, பம்பு, தண்ணீர் பாட்டில் எதையும் சைக்கிளில் விட்டுவைக்காதீர்கள்.

பெயர், போன் நம்பர், புறப்படும் ஊர், சேரும் ஊர், ரயில் எண் எல்லாவற்றையும் இரண்டு அட்டைகளில் எழுதுங்கள். ஒன்று பொதிக்கு வெளியே, இன்னொன்று உள்ளே ஃபிரேமில் கட்டியபடி. வெளி அட்டை கிழிந்து போவது சாதாரணமாக நடக்கும்.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். ஸ்லீப்பரில் 40 கிலோ இலவசம்தானே, சைக்கிள் 15 கிலோதானே என்ற கணக்கு செல்லாது. சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது, தனியாகக் கட்டணம் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை. மதிப்பை அறிவிக்காமல் பதிந்த லக்கேஜ் தொலைந்தால் ரயில்வே தரும் இழப்பீடு கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் போகாது. 15 கிலோ சைக்கிளுக்கு 1,500 ரூபாய். அது 40,000 ரூபாய் சைக்கிளாக இருந்தாலும் அவ்வளவுதான். விலை உயர்ந்த சைக்கிள் என்றால் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள்.

ரசீது கைக்கு வந்ததும் போய் உட்கார்ந்துவிடாமல், சைக்கிள் வேனுக்குள் ஏறும்வரை நடைமேடையில் நில்லுங்கள். சேரும் ஊரில் ரசீதைக் காட்டி வாங்கும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பொதியைப் பிரித்துப் பாருங்கள். அடி பட்டிருந்தால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நகரத்துக்குள் ஓடும் ரயில்களில் ஓர் ஊர் வழக்கத்தை இன்னோர் ஊரில் எதிர்பார்க்க வேண்டாம். கொச்சி மெட்ரோ 2020 நவம்பரிலேயே சைக்கிளை அனுமதித்தது. பெங்களூரு மெட்ரோ 2022-ல் அனுமதித்தது மடக்கு சைக்கிளை மட்டும்தான். அதனால் முழு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் முன் அந்த ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். மடக்கு சைக்கிளாகவே இருந்தாலும் அலுவலக நேரக் கூட்டத்தில் ஏற வேண்டாம். மடக்கியதும் ஒரு துணிப்பைக்குள் போட்டுவிடுங்கள். செயினில் இருக்கும் கிரீஸ், பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையில் பட்டால் லேசில் போகாது.