கடன் நெருக்கடியும் ஜனாதிபதித் தேர்தலும்: இணையத்தில் எண்களை வைத்து வாதிடும் முறை

இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12 அன்று அறிவித்தது. அதற்குப் பிறகு மக்கள் வாக்களித்த முதல் ஜனாதிபதித் தேர்தல் 2024 செப்டம்பர் 21 அன்று நடந்தது. முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அந்த வாரங்களில் ஓடிய சண்டைகளில் பாதிக்கு மேல் கொள்கைச் சண்டையே இல்லை. ஒருவர் வருடாந்த வீதத்தைச் சொன்னார், அடுத்தவர் கடை விலையைச் சொன்னார். இரண்டுமே உண்மை என்பதால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இனி வரும் தேர்தலிலும் இதே வாதங்கள் வேறு பெயர்களோடு திரும்பி வரும். அதனால் 2024ஐயே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

பதில் எழுதத் தொடங்கும் முன் எதிரில் இருக்கும் பதிவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த மாதத்து எண்? எதனோடு ஒப்பிட்ட எண்? வெளியிட்டது யார்? இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எதிர்வாதம் எழுதாமல், அந்தக் குறையை மட்டும் கேட்டு ஒரு வரி போடுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

பணவீக்கம் குறைந்தது, விலை குறையவில்லை

அதிகம் சண்டை நடப்பது இங்கேதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டம்பரில் அது 1.3. தேர்தல் நடந்த 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, -0.5. ஆளும் தரப்பு ஆதரவாளர் “எழுபதை இல்லாமல் செய்துவிட்டோம்” என்பார். எதிர்த்தரப்பு “சந்தைக்குப் போய்ப் பார்” என்பார்.

கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். 2021 செப்டம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை அடுத்த வருடம் 169.80. அதை 1.013ஆல் பெருக்கினால் 172. அதையும் 0.995ஆல் பெருக்கினால் 171 ரூபா சொச்சம். வீதம் விழுந்தது, ஆனால் ஏறிய விலை மேலேயே நின்றுவிட்டது. இந்த மூன்று வரிக் கணக்கைப் பதிலாகப் போட்டால் இரு தரப்பும் தாங்கள் சொன்னது சரிதான் என்று காண்பார்கள். அதன் பிறகுதான் “சம்பளம் 71 சதவீதம் ஏறியதா?” என்ற உருப்படியான கேள்விக்குப் போக முடியும்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது, இரண்டு சுட்டெண்களைக் கலப்பது. அதே 2022 செப்டம்பருக்குத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டியது 73.7. தேசியச் சுட்டெண்ணில் உணவுக்கு நிறை அதிகம், அதனால் இரண்டும் ஒத்துப்போகாது. ஒரு வருடத்துக்குக் கொழும்பையும் அடுத்த வருடத்துக்குத் தேசியத்தையும் எடுத்தால் கணக்கு கோணும். இரண்டாவது, அடிப்படை வருடம், அதாவது சுட்டெண்ணை 100 என்று வைத்துத் தொடங்கும் வருடம். 2023 தொடக்கத்தில் 2013ஐ விட்டு 2021ஐ அடிப்படையாக எடுத்தார்கள். ஆகவே மேலே போட்ட 171 ஒரு மதிப்பீடுதான், தசமப் புள்ளி வரை இழுத்துச் சண்டை பிடிக்கத் தகாது. “சுமார்” என்ற சொல்லை விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வாதிடுபவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. 2021 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டொலர் வங்கியில் சுமார் 200 ரூபா, 2024 செப்டம்பரில் சுமார் 300. அனுப்புகிற காசு ரூபாவில் ஒன்றரை மடங்காகத் தெரியும். விலைகளோ ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்ட. 1.5ஐ 1.71ஆல் வகுத்தால் 0.88, அதாவது அதே நூறு டொலரில் ஊரில் வாங்கக்கூடியது எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வங்கி வழியன்றி உண்டியலில் அனுப்பியவருக்கு 2021இலேயே வங்கி விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்தது என்பதால் அவருக்கு இறக்கம் இன்னும் பெரிது. “இப்போது டொலருக்கு நல்ல காசு வருகிறதே, ஏன் அழுகிறீர்கள்” என்று கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் எழுதுபவருக்கு இது போதும். அவரவர் நாணயத்துக்கான மாற்று விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருந்தபடி 2024 தேர்தலில் வாக்களிக்க வழியிருக்கவில்லை என்பதையும், எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் கணக்கும் சேர்ந்து செல்லாததாகிவிடும்.

கடன் கட்டுகிறோமா, இல்லையா?

இரண்டும்தான். 2022 ஏப்ரலில் நிறுத்தியது பிற நாடுகளுக்கும் சர்வதேச முறிகளை (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரங்களை) வைத்திருப்பவர்களுக்கும் செலுத்த வேண்டிய கடனை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றுக்கான கொடுப்பனவு தொடர்ந்தது. “ஒரு சதமும் கட்டவில்லை” என்பவரிடமும் “ஜனாதிபதி ரணில் கடனைக் கட்டித்தான் நாட்டை மீட்டார்” என்பவரிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தக் கடன்?

வெளிநாட்டு ஒதுக்கு (நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு) பற்றிப் பேசும்போது மொத்தத்தையும் பயன்படுத்தக்கூடியதையும் பிரியுங்கள். 2019 முடிவில் மொத்த ஒதுக்கு 7.6 பில்லியன் டொலர். 2022 ஏப்ரல் முடிவில் ஏட்டில் சுமார் 1.8 பில்லியன் இருந்தது. ஆனால் அதில் ஏறத்தாழ 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்றம், நிபந்தனை காரணமாக அதைத் தொட முடியாது. கையில் செலவழிக்க 50 மில்லியன்கூட இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி 2022 மே மாதம் பாராளுமன்றத்தில் சொன்னார். 2024 ஓகஸ்டில் மொத்த ஒதுக்கு 6 பில்லியனைத் தொட்டது. அதிலும் அந்தச் சீனத் தொகை உண்டு. ஏறியதற்கு ஒரு காரணம், கட்ட வேண்டியதில் பெரும்பகுதியைக் கட்டாமல் விட்டிருந்தது. சுற்றுலாவும் அனுப்புகாசும் திரும்பி வந்தது மற்றொரு காரணம். ஒன்றை மட்டும் சொல்பவர் பிரசாரம் செய்கிறார்.

இங்கே திகதியும் முக்கியம். பிரசாரம் செப்டம்பர் 18 நள்ளிரவோடு முடிந்தது. முறி வைத்திருப்போருடன் கொள்கையளவில் உடன்பாடு என்ற அறிவிப்பு வந்தது 19ஆம் திகதி. கொள்கையளவிலான உடன்பாடும் கைச்சாத்தான ஒப்பந்தமும் வேறு வேறு, பழைய முறிகளைப் புதிய முறிகளாக மாற்றும் முறிப் பரிமாற்றம் நடந்து முடிந்தது டிசம்பரில்தான். “கடன் பிரச்சினை தீர்ந்தது” என்று 20ஆம் திகதி சுற்றிய பதிவுகளுக்குச் சரியான பதில் “இன்னும் இல்லை, ஒரு படி தாண்டியிருக்கிறது” என்பதே.

நாணய நிதியப் பணம், ஜனாதிபதியின் கை எட்டும் தூரம்

2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் 48 மாதத்துக்கு அங்கீகரித்த தொகை சுமார் 3 பில்லியன் டொலர். தேர்தல் நாள் வரை வந்தது மூன்று தவணை, கூட்டினால் ஏறத்தாழ 1 பில்லியன். அங்கீகரித்ததை வந்ததாக எழுதுவது இரு தரப்பும் செய்யும் பிழை.

“இவர் வந்தால் காசு அச்சடிப்பார்”, “அவர் வந்தால் வரியை நீக்குவார்” என்ற வகைப் பதிவுகளுக்குச் சட்டத்தைக் காட்டுங்கள். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்தின் முறிகளை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதை, அதாவது அரசுக்காகக் காசு அச்சடிப்பதை, தடுக்கிறது. தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் கட்சிக் கூட்டுக்குத் தேர்தல் நாளன்று 225 ஆசனங்களில் இருந்தது 3. ஆகவே “ஜனாதிபதியான மறுநாள் செய்வார்” என்ற எந்த வாக்குறுதிக்கும் அடுத்த பொதுத் தேர்தல் என்ன ஆகும் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

எதிர்வுகூறல்களை எதிர்த்து வாதிடுவது வீண். “டொலர் எகிறும்”, “நாணய நிதியம் ஓடிவிடும்” என்பவரிடம் எத்தனை ரூபா, எந்தத் திகதிக்குள் என்று கேட்டு, பதிலைப் படம் பிடித்து வையுங்கள். நாணய நிதிய அதிகாரிகள் புதிய அரசாங்கத்தோடு கடன் திட்டத்தின் மூன்றாவது மீளாய்வுக்கு உடன்பாடு கண்டது 2024 நவம்பர் 23 அன்று. தேதி குறித்துச் சொன்னவர்களோடு மட்டும்தான் அன்று பேச முடிந்தது.

வரியும் வாக்குறுதியும்: பெருக்கிப் பாருங்கள்

பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15இலிருந்து 8 ஆனது. பிறகு 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. “மூன்று வீதம்தானே கூட்டினார்கள்” என்பவருக்கு: ஏற்கெனவே வரி இருந்த பொருளுக்கு 118ஐ 115ஆல் வகுத்தால் ஏற்றம் 2.6 சதவீதம். ஆனால் விலக்கு நீக்கப்பட்ட பொருளுக்கு ஒரேயடியாக 18 வரை வரும். எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அப்படித்தான் உள்ளே வந்தன. எந்தப் பொருள் என்று கேட்காமல் இந்த வாதத்தில் இறங்காதீர்கள்.

சம்பள உயர்வு வாக்குறுதிக்கு ஆள் தொகை, மாதத் தொகை, 12 ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 13 இலட்சம் அரச ஊழியருக்கு மாதம் 10,000 ரூபா என்றால் வருடத்துக்கு 156 பில்லியன் ரூபா. எந்த வரியிலிருந்து என்பதே அடுத்த கேள்வி.

அறிவிப்பை நடைமுறையாக எழுதும் பிழைக்கு மலையகமே சாட்சி. 2024 மே தினத்தில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. தேர்தலுக்குச் சற்று முன் அடிப்படைச் சம்பளமாக முடிவானது 1,350. ஆனாலும் “1,700 கொடுத்தார்” என்ற படங்கள் வாக்களிப்பு வரை சுற்றின. அறிவிப்பு, வர்த்தமானி, சம்பளச் சிட்டை என்று மூன்று கட்டம் உண்டு. எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

முடிவு வந்த பிறகு: 42ஆ, 55ஆ?

முதல் எண்ணிக்கையில் திசாநாயக்க 5,634,915 வாக்கு, 42.31 சதவீதம். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச 4,363,035. ரணில் 2,299,767. யாரும் பாதியைத் தாண்டாததால் வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2ஆம், 3ஆம் விருப்பம் பார்க்கப்பட்டது. இறுதியில் 5,740,179க்கு எதிராக 4,530,902. இந்த இரண்டை மட்டும் கூட்டி வகுத்தால் 55.89 சதவீதம் வரும். “மக்களில் 55 வீதம்” என்று எழுதுபவர் வகுத்தியை, அதாவது எந்த மொத்தத்தால் வகுப்பது என்பதை, மாற்றிவிட்டார்.

“எல்லோரும் விருப்பு வாக்கு இட்டிருந்தால் சஜித் வென்றிருப்பார்” என்ற வாதத்தையும் எண்ணிப் பார்க்கலாம். செல்லுபடியான 13,319,616இலிருந்து முதல் இருவரின் வாக்கைக் கழித்தால் 3,321,666. அதிலிருந்து இருவருக்கும் போய்ச் சேர்ந்தது 273,131, நூற்றுக்கு எட்டுதான். இதில் சஜித்துக்கு 167,867, அதாவது 61 சதவீதம். சேராமல் போன 30 இலட்சத்துச் சொச்சம் சீட்டுகளிலும் விருப்பம் இருந்து, அதில் ஏறத்தாழ 70 சதவீதம் அவருக்குப் போயிருந்தால்தான் முந்தியிருப்பார். விருப்பம் இட்டவர்களின் போக்கு அந்த அளவுக்கு இல்லை. சாத்தியமே இல்லை என்று எழுதாமல் இப்படி எழுதினால் வாதம் நிற்கும்.

“தமிழர் வாக்கு மொத்தமும் சஜித்துக்கு” என்பதற்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள்: சஜித் 121,177, தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரன் 116,688. வித்தியாசம் 4,489 வாக்கு.

பதிலை எழுதும் விதம்

எண்களைத் தேடக் குழுக்களுக்குள் அலைய வேண்டாம். மத்திய வங்கி வெள்ளிக்கிழமைகளில் வாராந்தப் பொருளாதாரக் குறிகாட்டிகளை வெளியிடுகிறது. கொழும்புச் சுட்டெண் மாத முடிவிலும் தேசியச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதி அளவிலும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து வரும். மத்திய வங்கியின் ஊடக அறிக்கைகள் தமிழிலும் கிடைக்கும், ஆனால் அட்டவணையை ஆங்கிலப் பிரதியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

பதிலில் ஒரு எண் போதும். ஐந்து எண் போட்டால் எதிராளி அதில் பலவீனமானதைப் பிடித்துக்கொள்வார், மற்ற நான்கும் வீண். முதல் வரியில் அவர் சொன்னதில் சரியானதைச் சொல்லுங்கள், இரண்டாவதில் திகதியோடு எண், மூன்றாவதில் கேள்வி. எரிபொருள் வரிசைப் படம் வந்தால் படத் தேடலில் இட்டுப் பாருங்கள். 2022 படங்கள் 2024இல் புதிதாகத் திரிந்தன.

வட்ஸ்அப்பில் எண் பிழைத்தால் செய்தியை அழிக்காதீர்கள், அது ஏற்கெனவே நாலு குழுவுக்குப் போயிருக்கும். பழைய செய்திக்கே பதிலாகத் திருத்தத்தைப் போட்டு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள். முகநூலில் திருத்தத்தைப் பதிவின் தலையில் போடுங்கள், பின்னூட்டத்தின் அடியில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.